எலுமிச்சை சோடாவில் குமிழ் நிலைத்த விதம்

கோடைக்காக வீட்டில் நான் கலந்த எலுமிச்சை சோடா, இரண்டு மடக்கு குடிப்பதற்குள் குமிழ் அடங்கி, லேசாகக் கசக்கவும் செய்தது. கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரைந்து நிற்கும் என்பதையும், கரையாத சர்க்கரைத் துகள்களின் மேல் குமிழ்கள் உருவாகி வாயு விரைவாக வெளியேறிவிடும் என்பதையும் அறிந்த பிறகு, முறையையே மாற்றினேன். சர்க்கரையைச் சம அளவு வெந்நீரில் முழுவதும் கரைத்து, ஆறியதும் வடிகட்டிய சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் கலந்து, சோடாப் புட்டியோடு 3 மணி நேரம் குளிரவைத்தேன். கசப்பு, தோலின் உட்புற வெண்பகுதியிலிருந்தும் நசுங்கிய விதைகளிலிருந்தும் வந்தது. ஆகவே மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, சூடான பாகில் ஊறவிட்டேன் (அந்த மணத்துக்கு ஈடே இல்லை). இப்போது 1 பங்கு பாகை முதலில் ஊற்றி, 4 பங்கு சோடாவைச் சாய்த்த குவளையின் ஓரமாக மெல்லச் சேர்த்து, ஒரே முறை கிளறுகிறேன். கடைசி மடக்கு வரை குமிழ் நிற்கிறது.