ஸ்டாப்பிங்கில் இரண்டு பி, விசிட்டிங்கில் மட்டும் ஏன் ஒரே டி?

'பிழை ஏற்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிய அலுவலக மின்னஞ்சலில், 'அக்கர்டு' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு ஆர் போட்டு அனுப்பிவிட்டேன். பிழையைச் சொல்லும் கடிதத்திலேயே பிழை! ஆங்கில வினைச்சொல்லோடு 'இங்' (ing), 'இடி' (ed) விகுதிகள் சேரும்போது ஓரசைச் சொல்லில்தான் கடைசி எழுத்து இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்ததை அப்படியே நம்பியிருந்தேன். அதன் பிறகு நானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி இது.

படி 1: ஓரசைச் சொல்

'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்ற நன்னூல் விதி நினைவிருக்கிறதா? கல் + எறிந்தான் கல்லெறிந்தான் ஆகும். பால் + ஆறு பாலாறுதான், நெடில் என்பதால் இரட்டிக்காது. ஸ்டாப், ரன், சிட் எல்லாம் கல் கட்சி, அதனால் இரட்டிக்கும். கீப், ரீட் இரண்டும் பால் கட்சி. ஒரு எச்சரிக்கை: லுக், குக் காதுக்குக் குறில்தான், ஆனால் எழுத்தில் இரண்டு ஓ இருப்பதால் இரட்டிக்காது. எனவே ஒலியை அல்ல, எழுத்தில் இருக்கும் உயிரெழுத்துகளை எண்ணுங்கள். டபிள்யூ, எக்ஸ், வை மூன்றும் எப்போதும் இரட்டிக்காது: ஷோயிங், மிக்ஸிங், பிளேயிங்.

படி 2: அசை கூடினால் அழுத்தம்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். அழுத்தம் என்றால், சொல்லில் எந்த அசையைப் பலமாக ஒலிக்கிறோம் என்பது. விசிட், ஓப்பன், ஆஃபர் மூன்றிலும் அழுத்தம் முதல் அசையில், அதனால் ஒற்றை எழுத்து. அக்கர், பிகின், அட்மிட் ஆகியவற்றில் அழுத்தம் கடைசி அசையில், அதனால் இரட்டை. அழுத்தம் மாறினால் சொல்லின் பொருளே மாறும் வழக்கம் தமிழில் இல்லாததால் நம் காது இதைக் கவனிப்பதே இல்லை. போதாக்குறைக்கு, தமிழில் 'விசிட்டிங்' என்று எழுதினால் டகரம் இரட்டித்துத் தொலைக்கிறது!

காதை விட்டுவிட்டு அகராதியைத் திறங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே சிறு செங்குத்துக் கோடு ஒன்று இருக்கும். அழுத்தம் அந்தக் கோட்டுக்கு அடுத்து வரும் அசையில். முந்தைய அசை என்று நினைத்து ஒரு வாரம் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதினேன். (சில அமெரிக்க அகராதிகளில் கோடு அசைக்குப் பின்னால் வரும், முன்னுரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கீழே இருக்கும் கோடு துணை அழுத்தம், இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

இதே கோடு இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கும். ரெஃபர்டு என்பதில் நடுவே இரண்டு ஆர், ரெஃபரன்ஸ் என்பதில் ஒன்றுதான். 'அன்ஸ்' சேர்ந்ததும் அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடுகிறது. பிரிஃபர்டு, பிரிஃபரன்ஸ் ஜோடியும் இப்படியே.

படி 3: அடங்காதவை

டிராவல், கேன்சல் போன்றவற்றுக்கு பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. அமெரிக்காவில் ஒற்றையாக்கிப் பரப்பியதில் நோவா வெப்ஸ்டருக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய பெரிய அகராதி 1828-ல் வந்தது. புரோகிராமிங்கில் இரண்டு எம், ஃபார்மட்டிங்கில் இரண்டு டி. இரண்டிலும் அழுத்தம் முதல் அசைதான் என்றாலும் விதியை மதிப்பதில்லை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

தானாகத் திருத்தும் வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு மட்டும் போதும். கை தானாகப் பழகும். ஆனால் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், இரண்டு எல் போட்ட டிராவலிங்கும் சிவப்பாகும். அதை முதலில் பாருங்கள்.

பிற்சேர்க்கை: 'க்விட் என்ற சொல்லில் யூ, ஐ என இரண்டு உயிரெழுத்து இருக்கிறதே, பிறகு ஏன் க்விட்டிங்கில் இரண்டு டி?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத விட்டுப்போனது. க்யூவுக்குப் பின் வரும் யூ அங்கே வகர ஒலிதான் தருகிறது, அதை உயிராக எண்ணாதீர்கள். எக்விப் என்ற சொல்லுக்கும் அதே கணக்கு. பிக்னிக் பற்றிக் கேட்டவருக்கு: அது இரட்டிக்காது, நடுவே ஒரு கே வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் அந்த சி, ஐக்கு முன்னால் சகரமாக ஒலித்துவிடும்.