குடல் பாக்டீரியா: காலனி நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள்

குடல் பாக்டீரியாவை வளர்க்கும் மெக்கான்கி அகார் என்ற ஊடகத்தில் இளஞ்சிவப்புக் காலனி (பாக்டீரியாத் திரள்) தெரிந்ததும் ‘இ.கோலை’ என்று எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நொதித்து அமிலமாகி, ஊடகத்திலுள்ள நியூட்ரல் ரெட் சாயம் சிவந்திருக்கிறது. நிறம் சொல்வது அவ்வளவுதான். கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவும் இதையே செய்யும். இ.கோலை காலனி பெரும்பாலும் தட்டையாக, வறண்டு, சுற்றிலும் பித்த உப்பு படிந்த மங்கல் வளையத்தோடு இருக்கும். கிளெப்சியெல்லா புடைத்துக் கொழகொழவென்றிருக்கும். லூப் என்ற வளையக் கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூலாக இழுபடும். அப்போதும் இன்டோல், சிட்ரேட் என்ற உயிர்வேதிச் சோதனைகளைப் பார்க்காமல் பெயர் எழுத வேண்டாம்.

நெருக்கமாக வளர்ந்த இடத்தில் நிறம் பார்ப்பதும் வீண். பக்கத்துக் காலனியின் அமிலம் அகாரில் பரவி, லாக்டோஸைத் தொடாதவற்றையும் சிவப்பாகக் காட்டும். ஸ்ட்ரீக்கின் (லூப்பால் கோடிழுத்துப் பரப்பியதன்) கடைசிப் பகுதியில் தனித்து நிற்பவற்றையே பாருங்கள். பிளேட்டின் மேற்பரப்பில் ஈரம் இருந்தால் அந்தத் தனிக் காலனிகளே கிடைக்காது. உலர்த்திவிட்டு ஸ்ட்ரீக் செய்து, 35–37 டிகிரி செல்சியஸில் கவிழ்த்து வையுங்கள்.

18–24 மணி நேரத்தில் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு அதற்கும் மறுநாள் பார்த்தால் கதை மாறிவிடும். வயிற்றுப்போக்குக் கிருமியான ஷிகெல்லா சொன்னி 24 மணியில் நிறமற்று இருந்து, 48 மணியில் இளஞ்சிவப்பாகலாம்.

எக்ஸ்எல்டி என்ற இன்னொரு ஊடகத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சால்மோனெல்லா அதிலுள்ள சைலோஸ் சர்க்கரையை நொதிக்கச் செய்தாலும், பிறகு லைசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துக் காரமாக்குவதால் சிவப்பாகத் தெரியும்; ஹைட்ரஜன் சல்ஃபைடு நடுவில் கறுப்பைத் தரும். ‘கறுப்பு நடு என்றால் சால்மோனெல்லா’ என்று இதைச் சுருக்கியதுதான் வினை. புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் காலனிகளிலும் கறுப்பு வரும், சுற்றி மஞ்சளோடு. சால்மோனெல்லாவிலேயே பாராடைஃபி ஏ வகையில் கறுப்பே இல்லாமல் போகலாம். டைஃபி வகையிலும் அது மிக மங்கலாக இருக்கலாம். கறுப்பில்லாச் சிவப்பெல்லாம் ஷிகெல்லாவும் அல்ல, சூடோமோனாஸும் அப்படித்தான் தெரியும். ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை இரண்டையும் பிரித்துவிடும். ஆனால் மெக்கான்கியிலிருந்து எடுத்து ஆக்சிடேஸ் போடாதீர்கள்: அமிலம் பொய்யான நெகட்டிவ் தரும். நியூட்ரியன்ட் அகாரில் வளர்த்து, மரக்குச்சியாலோ பிளாட்டினம் லூப்பாலோ எடுங்கள். நிக்ரோம் கம்பி பொய்யான பாசிட்டிவ் காட்டும்.

தயாரிப்பில் ஒன்று: எக்ஸ்எல்டியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்கக் கூடாது. கொதி வரும்வரை சூடாக்கினால் போதும்; அதிகமானால் வீழ்படிவு உண்டாகி, காலனியும் நிறமும் கெடும்.

மெக்கான்கி, எக்ஸ்எல்டி போன்ற தேர்வு ஊடகத்தில் காலனிக்கு அடியில், வளராமல் அடங்கிக் கிடக்கும் வேறு பாக்டீரியாவும் இருக்கும். நேராக உயிர்வேதிச் சோதனைக்குப் போனால் கலப்பு முடிவுதான் வரும். காலனியின் உச்சியை மட்டும் லேசாகத் தொட்டு எடுத்து, மறுபடி ஒரு பிளேட்டில் ஸ்ட்ரீக் செய்து, எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்தால் மட்டும் சோதனைக்கு எடுங்கள்.