ஆபீஸில் நீங்கள் நீங்களாக இருப்பது எப்படி?

ஆபீஸில் எல்லோருமே கொஞ்சம் நடிக்கத்தான் செய்கிறோம். உள்ளே கடுப்பாக இருந்தாலும் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவது வேலையோடு வருவது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-லேயே இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாள் முழுக்க ஓட்டினால் ஆள் களைத்துப்போவார். அதற்காக எல்லா நடிப்பையும் ஒரே நாளில் விட்டுவிட முடியாது. எது உங்களை அதிகம் களைப்பாக்குகிறதோ அதில் கைவையுங்கள்.

அது எது என்று தெரிய ஒரு வாரம் கணக்கெடுங்கள். மனசு 'முடியாது' என்றபோதும் வாய் 'சரி' என்ற இடங்களை மட்டும், கிளம்பும் முன் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று வகைதான் தேறும்: வேலைச்சுமை, வேலையைப் பற்றிய கருத்து, சொந்த விஷயம். சொந்த விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நிறைய பேர் அங்கே ஆரம்பித்துத்தான் சூடுபட்டுக்கொள்கிறார்கள்.

சுமையில் தொடங்குவதே சுலபம். வெறும் 'முடியாது' சண்டையாகக் கேட்கும், கூடவே முடிந்ததையும் சொல்லுங்கள்: "புதன்கிழமைக்குள் முழு அறிக்கையும் முடியாது. எண்கள் உள்ள பகுதியைத் தந்துவிடுகிறேன், மீதி வெள்ளி மதியம்." இதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. காரணத்தை நீட்டினால் எதிராளி அந்தக் காரணத்தோடு வாதம் செய்ய ஆரம்பித்துவிடுவார். புரியாததை உடனே கேட்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்று நாள் கழித்துக் கேட்டால்தான் கேவலம்.

மாற்றுக்கருத்துக்கு இடம் பார்க்க வேண்டும். மேலாளரின் திட்டத்தில் ஓட்டை தெரிந்தால், பத்துப் பேர் முன்னால் போட்டு உடைக்காமல் மீட்டிங்குக்கு முன்பே தனியாகச் சொல்லுங்கள். "இது சரிவராது" என்பதைவிட "சோதனைக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது, போன தடவை ஐந்து நாள் பிடித்தது" என்பது எடுபடும். "மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன், அதுதான் நான்" என்பவர்கள் பலர் மற்றவர்களைக் காயப்படுத்துவதற்கு நேர்மை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். நேற்றுவரை தலையாட்டியவர் இன்று எல்லாவற்றையும் எதிர்த்தாலும், 'வீட்டில் ஏதோ பிரச்சினை போல' என்றுதான் பேச்சு வரும். அதனால் வாரத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் மனசில் உள்ளதைச் சொன்னால் போதும்.

சொந்த விஷயத்துக்கு ஒரே சோதனை: ஆபீஸில் உங்களுக்குப் பிடிக்காத அந்த ஒருவர் காதுக்கு இது போனாலும் பரவாயில்லையா? இல்லையென்றால் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் சொன்னது அங்கேயே நிற்காது. சொல்லியே ஆக வேண்டிய நிலை என்றால், வேலைக்குத் தேவையான அளவு மட்டும்: "மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போகணும், பதினொரு மணிக்கு வந்துவிடுவேன்." என்ன நோய் என்பது உங்களோடு இருக்கட்டும். சாட்டில் எதையும் கொட்டாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஆயுசு அதிகம்.

இதெல்லாம் பலிக்காத ஆபீஸும் உண்டு. கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்று கவனியுங்கள். அவர் ஓரங்கட்டப்பட்டிருந்தால் உங்களுக்கும் அதே கதிதான். அங்கே தேதி, எண்ணிக்கை போன்ற தகவல்களை மின்னஞ்சலில் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொண்டு, வேறு டீமில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.