வேலூரில் டிபன் கடை: மாநகராட்சித் தொழில் உரிமம் எடுப்பது எப்படி?

அட்வான்ஸ் கொடுத்து, அடுப்பு இறக்கி, பெயிண்ட் அடித்து, போர்டும் மாட்டிய பிறகுதான் பலரும் லைசென்ஸ் பற்றி விசாரிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். இந்தக் கதவு எண்ணில், இந்த ஆள், இந்தத் தொழிலை நடத்தலாம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டுவதுதான் தொழில் உரிமம். மூன்றில் ஒன்று மாறினாலும் கையில் இருக்கும் காகிதம் உதவாது. ஆளும் தொழிலும் உங்கள் கையில். இடம் அப்படியில்லை. அதனால் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

பழைய ஆட்கள் இதை இன்னும் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ (ஆபத்தான, தொல்லை தரும் தொழில்களுக்கான உரிமம்) என்பார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998. அதற்கான 2023 விதிகளோடு 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது.

1. இடம் யாருடைய எல்லை?

வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. காட்பாடி, சத்துவாச்சாரி, கோட்டை, சேண்பாக்கம் என நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். உங்கள் மனுவைப் பார்ப்பது உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளர். அதனால் வார்டு எண் தெரியாமல் ஒரு அடியும் வைக்க முடியாது. சொத்து வரி ரசீதிலேயே அது இருக்கும். எல்லைக்கு வெளியே என்றால் கிராம ஊராட்சியில் கேட்க வேண்டும். பள்ளிகொண்டா என்றால் பேரூராட்சி, குடியாத்தம் என்றால் நகராட்சி.

2. சொத்து வரி ரசீதை வரி வரியாகப் படியுங்கள்

முதல் தடவை போடுகிறவர்களின் மனு பெரும்பாலும் இங்கேதான் திரும்புகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஓனரிடம் கடைசி அரையாண்டு ரசீதைக் கேட்டு வாங்கி நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ரசீதில் யார் பெயர்? அப்பா காலமாகி வருடங்கள் ஆகியும் ரசீது அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மகன். இரண்டும் ஒட்டாது. பெயர் மாற்றம் முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கதவு எண் என்ன? பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும் தெருக்களில் ரசீதில் ஒன்று, மின் இணைப்பில் ஒன்று, ஒப்பந்தத்தில் ‘நேதாஜி மார்க்கெட் அருகில்’ என்று மட்டும் இருக்கும். ரசீதில் இருப்பதே மூலம். ஒப்பந்தத்தில் ‘புதிய எண் இது, பழைய எண் இது’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

வரி குடியிருப்புக்கா, வணிகத்துக்கா? வீட்டு முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடையாக்கிய இடங்களில் வரி வீட்டுக் கணக்கிலேயே இருக்கும். நீங்கள் உரிமத்துக்கு மனு போட்டதும் வருவாய்ப் பிரிவு அதைக் கவனிக்கும், வணிக வரி ஏறும். ‘உங்களால்தான் வரி ஏறியது’ என்று ஓனர் சண்டைக்கு வருவது வழக்கமான கதை. ஏறும் வரியை யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

பாக்கி இருக்கிறதா? சொத்து வரி மட்டும் பார்த்தால் போதாது. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாவற்றையும் பாருங்கள்.

3. வாடகை ஒப்பந்தம்

உணவகம் நடத்தவே இடம் கொடுக்கப்படுகிறது என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும். ‘வியாபாரத்துக்கு’ என்று பொதுவாக எழுதினால், அடுப்புப் புகையைப் பார்த்த பிறகு ஓனர் பின்வாங்க வழி கிடைக்கும். சதுர அடியையும் அளந்து எழுதுங்கள். உரிமக் கட்டணம் தொழிலின் வகையையும் இடத்தின் அளவையும் வைத்துத்தான் வரும். மனுவில் குறைத்துக் காட்டினால் ஆய்வில் டேப் வைக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

4. சமையலறை: தண்ணீர், எண்ணெய், புகை

மனு போடுவதற்கு முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள். ஆய்வாளர் முதலில் பார்ப்பது கழிவுநீர் எங்கே போகிறது என்பதைத்தான். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து குழாய் நேராகத் தெருக் கால்வாய்க்குப் போனால் ஆட்சேபம் வரும், அது நியாயமும்கூட. சாம்பாரிலும் குருமாவிலும் இருக்கும் எண்ணெய் சூட்டில் ஓடும், குழாயில் ஆறியதும் உறையும், சோற்றுப் பருக்கை அதில் ஒட்டும். சில மாதத்தில் தெரு முழுக்கச் சாக்கடை எதிர்த்து வரும்.

தீர்வு ஒரு எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி. சிறிய டிபன் கடைக்கு உள்ளளவு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். மேலே தண்ணீர் மட்டத்தைத் தாண்டி நிற்க வேண்டும், கீழே தரையிலிருந்து 4 அங்குலம் திறந்திருக்க வேண்டும். எண்ணெய் மிதந்து முதல் பாதியில் தங்கும், அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த பாதிக்குப் போகும். வெளியேறும் இடத்தில் ‘டி’ குழாயை நிற்க வைத்து, அதன் கீழ்வாயைத் தண்ணீருக்குள் முக்கிவிடுங்கள். தொட்டிக்கு முன்னால் ஒரு சல்லடை. மூடியைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடும் கொத்தனார்கள் உண்டு, விடாதீர்கள். வாரம் ஒரு முறை திறந்து மேலே படியும் எண்ணெய் ஆடையை வழித்தெடுக்காத தொட்டியும் இல்லாத தொட்டியும் ஒன்றுதான்.

புகைபோக்கி பக்கத்து வீட்டு மாடியைவிட உயர வேண்டும். கடை மேல் வரும் புகார்களில் மேல்மாடிக்காரர் கொடுப்பது நிறைய.

சிலிண்டரைப் பொறுத்தவரை, தனி உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் எரிவாயு வைக்கலாம். 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ, ஆறாவது வைத்தால் எல்லை தாண்டிவிடும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கடையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் மூடியோடு தனித்தனித் தொட்டி. பிளாஸ்டிக் கவரில் சாம்பார் கட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, பிடித்தால் அபராதம்.

5. கூடவே வேண்டிய காகிதங்கள்

உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் வேறு, தொழில் உரிமம் வேறு. 14 இலக்க எண்ணோடு வரும் முதலாவதை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் வாங்க வேண்டும். அதைக் காட்டி மாநகராட்சி உரிமத்தைத் தவிர்க்க முடியாது. ஜி.எஸ்.டி. பதிவுக்கும், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் இதே கதைதான். உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் வருடாந்திர மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். டைபாய்டு வகைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் இதில் சேரும். மாஸ்டர் பாதியில் ஓடிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். புது ஆள் வந்த வாரமே சான்று எடுத்துவிடுங்கள்.

6. மனு

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அரசு இணையதளத்தில் வேலூர் மாநகராட்சியைத் தேர்ந்தெடுத்து மனு செய்யலாம். சொத்து வரி விதிப்பு எண்ணை ரசீதைப் பார்த்து அப்படியே அடியுங்கள். தொழில் வகையில் ‘டீக்கடை’ என்று போட்டுவிட்டு மதியம் சாப்பாடும் போட்டால் அது வேறு வகை. முதல் நாளே உண்மையில் என்ன செய்யப்போகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆதார், ஒப்பந்தம், வரி ரசீது, கடையின் முன்புறப் படம், சமையலறைப் படம் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை இணையத்தில் கட்டி ரசீது எடுப்பதே பாதுகாப்பு. கையில் கொடுக்கும் பணத்துக்கு ரசீது இல்லையென்றால் கட்டியதாகவே கணக்கில்லை.

7. ஆய்வு நாள்

கடை ஓடும் நிலையில் இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டியின் மூடியை நீங்களே திறந்து காட்டுங்கள். லாங்கு பஜார், சுண்ணாம்புக்காரத் தெரு போன்ற நெருக்கமான இடங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் ஷட்டருக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். கால்வாய்ப் பலகை மேல் மேடை கட்டினால் அது ஆக்கிரமிப்பு. தூர் வார வரும்போது முதலில் இடிபடுவதும் அதுதான். குறை சொன்னால் வாயால் வாதிடாமல் எழுத்தில் கேளுங்கள். சரிசெய்து, படம் எடுத்து, மறு ஆய்வு கேட்கலாம்.

8. கிடைத்த பிறகு

உரிமத்தைக் கல்லாவுக்கு மேலே, கண்ணில் படும்படி மாட்டுங்கள். முடியும் தேதியைப் பார்த்து, கடைசி வாரம் வரை தள்ளாமல் புதுப்பியுங்கள். தொழில் வரி தனி. அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும், ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். உரிமக் கட்டணம் கட்டியதால் இது கழியாது.

தள்ளுவண்டி போடுகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்து, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் வாங்க வேண்டும்.

கடையை இன்னொருவருக்குக் கைமாற்றினால் பழைய உரிமத்தில் அவர் ஓட்ட முடியாது, புது மனு போட வேண்டும். ஒரேயடியாக மூடுகிறீர்கள் என்றால் அதையும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சொல்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் உங்கள் பெயரில் தொழில் வரி பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.