போல்வால்ட் பிள்ளைக்கு எந்தக் கம்பு, எப்போது?

ஏழாம், எட்டாம் வகுப்பில் வேகமாக ஓடுகிற, கைபலத்தால் கயிறு ஏறுகிற பிள்ளை கிடைத்தால் போல்வால்ட்டுக்கு, அதாவது கம்பு ஊன்றித் தாண்டுதலுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்த பிள்ளை சற்று வயது கூடி வந்தாலும் விட்டுவிடாதீர்கள். 2009இல் சூரிச்சில் 5.06 மீட்டர் தாண்டிப் பெண்கள் உலக சாதனை படைத்த யெலேனா இசின்பயேவா 15 வயதுவரை ஜிம்னாஸ்டிக்ஸில் இருந்தவர். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.எஸ். சுரேகா 2014இல் 4.15 மீட்டர் தாண்டிப் பெண்கள் தேசிய சாதனை வைத்தார். 2022இல் காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா பால்ராஜ் 4.20 தாண்டி அதை முறியடித்தார்.

திறமையுள்ள பல பிள்ளைகள் மூன்று மீட்டரைச் சுற்றியே நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கம்புதான். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாவிட்டால் உயரம் ஏறாது. ஓட்டம் கூடுவதற்குமுன் மாற்றினால் பயம் பிடித்துக்கொள்ளும்.

முதல் சில மாதங்கள் நீளம் தாண்டும் மணல் குழியும் வளையாத கம்பும் போதும். கம்பை நட்டமாக நிறுத்தி, கை எட்டுகிற உயரத்தில் பிடிக்கட்டும். வலக்கைப் பிள்ளைக்கு வலது கை மேலே. எழும்புவது இடது காலில். இரண்டு கைக்கும் இடையே 50 முதல் 60 செ.மீ. ஆறு ஸ்டெப் ஓட்டம். குழியில் தாராளமாக உள்ளே போய் இறங்கினால் மட்டும் பிடியை ஒரு பிடியளவு மேலே ஏற்றுங்கள். வளையும் கம்பை மணல் குழியில் கொடுக்கவே கூடாது. அதற்கு 80 செ.மீ. கனமுள்ள மெத்தை வேண்டும்.

டேக்ஆஃப், அதாவது எழும்பும் கால், எங்கே விழ வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். மேல் கைக்கு நேர் கீழே கால் விரல் இருக்க வேண்டும். கால் அதைத் தாண்டி உள்ளே போனால் கம்பு தோளைப் பின்னுக்கு இழுக்கும், முதுகு வளையும், இடுப்பு வலி தொடங்கும். பக்கவாட்டில் போனை வைத்துப் படம் எடுத்தால் ஒரே பார்வையில் தெரியும். கால் உள்ளே போகிறதென்றால் பலர் உடனே ஓட்டத்தின் தொடக்கக் குறியைப் பின்னுக்கு நகர்த்திவிடுவார்கள். அதற்குமுன் கடைசி ஆறு ஸ்டெப்பைப் பாருங்கள்; பிள்ளை பயத்தில் ஸ்டெப்பை நீட்டி வைக்கிறாளா என்று தெரிந்துவிடும்.

இனி கணக்கு. கம்பை ஊன்றும் பாக்ஸ் தரைக்குக் கீழே 20 செ.மீ. ஆழம். 3.80 மீட்டரில் பிடித்தால் கை தரையிலிருந்து 3.60 உயரத்தில்தான் இருக்கும். 4 மீட்டர் தாண்ட இடுப்பு கைக்கு மேலே 40 செ.மீ. போயாக வேண்டும். பிடியை ஏற்ற வேகம் வேண்டும். வினாடிக்கு 7.5 மீட்டர் ஓட்டம் 8 ஆனால், இயற்பியல் கணக்கில் கிட்டத்தட்ட 40 செ.மீ. உயரத்துக்கான ஆற்றல் கூடுகிறது. பாக்ஸிலிருந்து 10 மீட்டரிலும் 5 மீட்டரிலும் குறி போட்டு, வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். அந்த 5 மீட்டரை 160 பிரேமில் கடந்தால் 7.5, 150இல் கடந்தால் 8. மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள்.

கம்பில் நீளமும் தாங்கும் எடையும் எழுதியிருக்கும். எடை பவுண்டில், 50 கிலோ பிள்ளைக்கு 110. அதற்குக் கீழே உள்ள கம்பைக் கொடுத்தால் உடையும் ஆபத்து. தாண்ட வேண்டிய பாரைத் தாங்கும் ஸ்டாண்டை மெத்தைப் பக்கம் 80 செ.மீ. பின்னுக்கு வைத்தும், மேலே ஏறும்போதே பாரில் மோதுகிறாளா? மெத்தையின் பின்பாதியில் விழுகிறாளா? கம்பு 90 பாகைக்கு மேல் வளைகிறதா? அப்படியானால் 5 பவுண்டு கூடிய கம்பு எடுங்கள். கம்பு நட்டமாக வருமுன் நின்று, பாக்ஸ் பக்கமே திரும்பி விழுந்தால் பிடியை ஒரு பிடியளவு இறக்குங்கள். "தைரியமா ஓடு" என்று சத்தம் போட்டுப் பயனில்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ராதாபுரம், பணகுடி மைதானங்களில் எதிர்காற்றில் தாண்டச் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகும். புதிதாக ரன்வே போடுகிறவர்கள் பாக்ஸைக் கிழக்கு முனையில் வைத்தால் காற்று முதுகில் வரும். காலையில் வெயில் கண்ணில் அடிக்கும் என்பதால் பயிற்சியை வெயில் தாழ வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் காற்று பலமாக அடித்தால் அன்று பாரே வேண்டாம்; ஓட்டத்தோடு நிறுத்துங்கள்.

கம்புக்கு ஏற்ப எடையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வளர்கிற பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நிற்கும், எலும்பில் விரிசல் விடும். எழும்பும் காலின் பாதமேட்டில் விரல் வைத்து அமுக்கி, ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

போட்டியில் ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. முதல் உயரம் அவளுடைய சிறந்த தாண்டலைவிட 30 செ.மீ. குறைவாக இருக்கட்டும். கூட வந்த பிள்ளைகளைப் பார்த்து உயரத்தில் தொடங்கினால், மூன்றும் தட்டிவிட்டு அளவே இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

போட்டிக்கு வண்டியில் கட்டும்போது கம்புக்கு மூன்று இடத்தில் தாங்கல் கொடுங்கள், துணி சுற்றுங்கள். ஸ்பைக் பட்டோ கல்லில் விழுந்தோ ஆழமாகக் கீறிய கம்பு அந்த இடத்திலேயே முறியும். அதை இரண்டாக அறுத்துப் போடுங்கள், இன்னொரு பிள்ளை தெரியாமல் எடுத்துவிடாதபடி.