சோலார் பேனல் போடுமுன் பக்கத்து வீட்டு மாடியைப் பாருங்கள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று விலைப்பட்டியல்களை அனுப்பினார். சிங்கப்பூரின் ஈசூனில் பழைய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய தரைவீடு) ஒன்றை வாங்கி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணே, ஆறு வருஷத்துல போட்ட காசு திரும்பிடுமாம். அப்புறம் எல்லாம் லாபம்தானாம். யாருக்குக் கையெழுத்துப் போடட்டும்?" மூன்றையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் அவர் கூரையின் செயற்கைக்கோள் படம், அதன்மேல் நீலக் கட்டங்கள். ஒன்றில்கூடப் பக்கத்து வீடு இல்லை. படத்தை அவர் சுவரோடு சரியாக வெட்டியிருந்தார்கள். 2017-ல் நான் கையெழுத்துப் போட்ட தாளும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

மூன்று இடத்தில் விலை கேளுங்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்தே இணையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் விழுந்த குழிகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லா யூனிட்டும் ஒரே விலை என்று நினைப்பது

இங்கே 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். விற்க வருபவர் அதை மின்கட்டணத்தால் பெருக்கி "இவ்வளவு மிச்சம்" என்று காட்டுவார். பெருக்கலில் பிழை இருக்காது. ஆனால் உங்கள் வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்குத்தான் முழு விலை, அதாவது பொருள் சேவை வரியோடு 30 காசை ஒட்டி. நீங்கள் பயன்படுத்தாமல் வெளியே போகும் யூனிட்டுக்கு, கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வரியும் அதில் வராது. கடைசியில் இருபது காசை ஒட்டித்தான் நிற்கும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு, வீடு பூட்டிக் கிடக்கும். பேனலோ பகல் 1 மணிக்குத்தான் உச்சத்தில் இருக்கும். (நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இங்கே நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை.) ஏர்கான் ஓடுவது இரவு பத்துக்கு மேல். இப்படிப்பட்ட வீட்டுக்கும், தாத்தா பாட்டி பகலெல்லாம் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தாளில் ஒரே லாபம் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் பகல் செலவு எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பக்கத்து வீடு

இதை எழுதும்போது இப்போதும் எரிச்சல் வருகிறது.

என்னுடையது சிராங்கூன் வட்டாரத்தில் வரிசையின் நடுவில் உள்ள டெரஸ் வீடு. நானே மின்வேலை பார்ப்பவன். வயரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்பு. 300 வாட் பேனல் 14, மொத்தம் 4.2 கிலோவாட். ஏறத்தாழ 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்போது ஒரு யூனிட் 20, 21 காசுதான். போட்ட பணம் வர ஒன்பது பத்து வருடமாகும் என்று தெரிந்தே போட்டேன். முதல் இரண்டு வருடம் மாதத்துக்குச் சராசரி 410 யூனிட். சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கைபேசியில் அந்த வளைகோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் திட்டு விழும்.

2019-ல் மேற்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். வாங்கியவர் இடித்தார். முதலில் வந்தது சிமெண்டுத் தூசு. தூசோடு நின்றால் மழை கழுவிவிடும், சிமெண்டோ மழை பட்டால் கண்ணாடியிலேயே இறுகும். இரண்டு முறை ஆள் வைத்துச் சுரண்டினேன். கொவிட் முறியடிப்புக் காலத்தில் (ஊரடங்கில்) வேலை நின்றது, பிறகு இழுத்தது. 2021-ல் வீடு எழுந்தபோது மூன்று மாடி, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்தச் சுவரின் நிழல் என் முதல் வரிசைப் பேனலைத் தொடும். மூன்றே முக்காலுக்குள் கூரை முழுவதும் அதன் கீழே.

பேனல் அறிந்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று புரியும். என் 14 பேனல்களும் ஒரே தொடர், ஒரே இன்வர்ட்டர் (பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி). தோரண விளக்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. நிழல் விழுந்த பேனலைத் தாண்டி மின்சாரம் போக டயோடுகள் உள்ளே உண்டு என்றாலும், தாண்டப்படும் ஒவ்வொரு பேனலுக்கும் தொடரின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். பாதிக்கு மேல் இறங்கினால் இன்வர்ட்டர் கையை விரித்துவிடும். மிச்சமிருக்கும் பேனல்களில் நல்ல வெயில் அடித்தாலும் அது வீண்தான்.

410 யூனிட் 300 ஆனது. மாதம் 110 யூனிட் போயிற்று. யூனிட்டுக்கு 27 காசு என்று வைத்தால் மாதம் 30 வெள்ளி, வருடம் 360. பேனலுக்கு இன்னும் இருபது வருட ஆயுள் இருக்கிறதென்றால் 7,200 வெள்ளி. போட்ட முதலில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை நிழலுக்குத் தாரை வார்த்திருக்கிறேன்.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பேனலின் தேய்மானத்துக்குத்தான் உத்தரவாதம், நிழலுக்கு இல்லை என்றார்கள். அது நியாயம்தான், தாளிலும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் விதிப்படிதான் கட்டினார்; தீபாவளிக்கு முறுக்குகூடக் கொடுத்தனுப்புகிறோம். யார்மேல் கோபம் என்று கேட்டால் என்மேல்தான். ஒரு தெருவில் தரைவீடுகள் எத்தனை மாடி வரை போகலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் வரைபடமாகவே இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. என் தெரு மூன்று மாடிப் பகுதி. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் பேனலின் திறன் 17 விழுக்காடா 18 விழுக்காடா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஆகவே இதைச் செய்யுங்கள். இரு பக்கமும் பின்பக்கமும் உள்ள வீடுகள் எவ்வளவு பழையவை என்று பாருங்கள். அனுமதி மூன்று மாடி, நிற்பது ஒரு மாடி என்றால், அது மூன்று மாடியாக எழுந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அந்தச் சுவரை ஒட்டிப் பேனலே வேண்டாம். கூரையில் வேறு இடமில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் தனித் தொடராகப் பிரிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பேனல்களுக்கு மட்டும் ஆப்டிமைசர் (ஒரு பேனலின் நிழல் மற்றதைப் பாதிக்காமல் பார்க்கும் சிறு கருவி) கேளுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால் விலை தாங்கும். நான் பிறகு கேட்டேன். மூன்று பேனலைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்ற 900 வெள்ளி, திரும்பி வந்தது மாதம் 25 யூனிட். அந்த 900 திரும்பவே பத்துப் பதினொரு வருடம் ஆகும். வேறு யாராவது இப்படிச் செய்வதாகச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன்.

நிழல் படம் கேட்டால் நண்பகல் படத்தைத்தான் கொடுப்பார்கள். நண்பகலில் இந்த ஊரில் நிழல் மிகக் குட்டை. காலை 9 மணி, மாலை 4 மணி படங்களைக் கேளுங்கள்.

ஈசூன் தம்பியை மாலை 4 மணிக்கு மாடி ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஏறுவதற்கு முன்பே படம் அனுப்பினார். மேற்குப் பக்கத்து வீட்டுக் கேட்டில் சொத்து முகவரின் விற்பனைப் பலகை தொங்குகிறது.

தெற்கு நோக்கியே வைப்பது

சென்னை யூடியூபில் சொல்வது சென்னைக்கு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைக்குள் இருக்கிறோம். கிழக்கும் மேற்கும் தாராளமாகப் போதும். மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சாய்வு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கூரைமேல் புதுப் பேனல்

கூரை ஒழுகுகிறதா என்று டிசம்பர் மழையில் பாருங்கள், மார்ச் வெயிலில் அல்ல. பேனல் 25 வருடம் இருக்கும். அதன் கீழே உள்ள ஓடும் நீர்க்காப்புப் பூச்சும் அவ்வளவு தாங்குமா? நடுவில் ஒழுகினால் பேனலைக் கழற்ற ஒரு கூலி, கூரைக்கு ஒரு கூலி, திரும்ப மாட்ட ஒரு கூலி. கூரைக்காரர் பேனல்காரர் போட்ட ஓட்டை என்பார், பேனல்காரர் ஓடு ஏற்கெனவே விரிசல் என்பார். கூரை வேலையை முன்னால் முடியுங்கள். முடித்த அன்றே படம் எடுத்து வையுங்கள்.

25 ஆண்டு உத்தரவாதம்

பேனலுக்கு. இன்வர்ட்டருக்கு அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதை ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை இன்றைக்கே கணக்கில் ஏற்றுங்கள். தாளில் அது இருக்காது.

கரண்ட் போனால் உதவும் என்று நினைப்பது

உதவாது. வெளியே மின்சாரம் நின்றால் பாதுகாப்புக்காக இதுவும் தானே நின்றுவிடும்.

பேட்டரி

கரண்ட் போகும் என்று வாங்குமுன், இந்த ஊரில் கரண்ட் எத்தனை முறை போயிருக்கிறது, விரல் விட்டு எண்ணுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்கள்

கூரை உங்களுடையது அல்ல. புளோக் மேல் தெரியும் பேனல்கள் மின்தூக்கிக்கும் தாழ்வார விளக்குக்கும்.

முன்பணம் இல்லாத திட்டம்

நிறுவனமே தன் செலவில் பேனல் போடும், நீங்கள் ஒப்பந்தப்படி கட்டிவர வேண்டும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கையில் பணம் இல்லாத ஒருவர் இப்படிப் போட்டு நிம்மதியாகத்தான் இருக்கிறார். ஆனால் பதினைந்து இருபது வருட ஒப்பந்தம் அது. நடுவில் வீட்டை விற்றால் வாங்குபவர் அதை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். ஈசூன் தம்பி கேட்டார். "அதைப் பிறகு பேசிக்கலாம்" என்றாராம் வந்தவர்.