துளசி எண்ணெயின் வீரியத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

துளசி கிருமியைக் கொல்லும், ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு என்று கேட்டால்தான் விழிக்கிறோம். ஆய்வகத்தில் முதன்முறையாக அதை அளக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. பாக்டீரியா வளர்க்கும் பகுதியை வீட்டில் முயல வேண்டாம்.

எண்ணெய் எடுத்தல்

நிழலில் உலர்த்திய இலை 100 கிராமைத் தண்ணீரோடு கிளெவெஞ்சர் கருவியில் (ஆவியோடு வரும் எண்ணெயைக் குளிர்வித்துப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) போட்டு 3 மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஒரு மில்லி தேறினாலே சந்தோஷப்படலாம். ஒட்டியிருக்கும் ஈரத்தை நீரற்ற சோடியம் சல்பேட் உறிஞ்சிவிடும். பழுப்புக் குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நிறம் மாறும் சோதனை

ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை அளக்க டிபிபிஎச் என்ற ஃப்ரீ ராடிக்கல் பொடி உதவும். அதில் 4 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம் வரும். துளசி எண்ணெயில் உள்ள யூஜெனால் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கக் கொடுக்க, ஊதா வெளுத்து மஞ்சளாகும். கண்ணாலேயே பார்க்கலாம், அழகாக இருக்கும்.

எண்ணெயை மெத்தனாலில் ஐந்து வெவ்வேறு செறிவுகளில் கரைத்து, ஒவ்வொன்றிலும் 1 மில்லியோடு டிபிபிஎச் 3 மில்லி சேருங்கள். 30 நிமிடம் இருட்டில் வைத்துவிட்டு, 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். எண்ணெய்க்குப் பதில் வெறும் மெத்தனால் சேர்த்த குழாய் 0.80 காட்டி, எண்ணெய் சேர்த்தது 0.32 காட்டினால், குறைந்தது 0.48. அதை 0.80-ஆல் வகுத்தால் 60 சதவீதம். பக்கத்தில் வைட்டமின் சி-யையும் இதேபோல் சோதியுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத 60-க்கு அர்த்தம் இல்லை.

பாக்டீரியா சோதனை

கை தடுமாறுவது இங்கேதான். முல்லர்-ஹிண்டன் அகாரை (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி ஆறவிடுங்கள். பாக்டீரியா கலவையின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் தர அளவு) அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதைப் பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்கப் பூசுங்கள். அப்புறம் 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வையுங்கள்: ஒன்றில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த எண்ணெய் 10 மைக்ரோலிட்டர், ஒன்றில் வெறும் டிஎம்எஸ்ஓ, ஒன்றில் தெரிந்த ஆன்டிபயாடிக்.

முதல் தடவை நான் மூன்றையும் ஒரே தட்டில் நெருக்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் வெறும் டிஎம்எஸ்ஓ வில்லையைச் சுற்றியும் பாக்டீரியா இல்லை! எண்ணெய் ஆவியாகி மூடிக்குள்ளேயே பரவியிருந்தது. இப்போதெல்லாம் எண்ணெய் வில்லைக்குத் தனித் தட்டுதான்.

37 டிகிரியில் 18 மணி நேரம் வைத்த பிறகு, தெளிந்த வட்டத்தின் விட்டத்தை வில்லையையும் சேர்த்து அளவுகோலால் அளக்கவும். பொதுவாக ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் வட்டம் பெரிதாகவும் ஈ.கோலையில் சிறிதாகவும் வரும். ஈ.கோலைக்கு வெளிப்புறமாக இன்னொரு சவ்வு இருப்பதால் எண்ணெய் எளிதில் உள்ளே போகாது.

ஆனால் வட்டம் சிறிது என்பதற்காக எண்ணெய் வலுவற்றது என்று எழுதிவிடாதீர்கள். எண்ணெய் நீரில் கலக்காது, அகாரோ பெரும்பாலும் நீர். ஊறிப் பரவாமலே இருந்திருக்கலாம். அதனால் திரவ ஊடகத்தில் எண்ணெயைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவையும் கண்டுபிடியுங்கள். என்னைக் கேட்டால், அந்த எண்ணைத்தான் நம்புவேன்.

அளந்து முடித்த தட்டுகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவி) 121 டிகிரியில் கிருமி நீக்கிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.